இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"ஐயா, எனக்கு 43 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் சொந்தமாக லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் 'ஆமா' என்ற ஒரு வார்த்தைதான் வரும். ஆனால் குடும்ப ஜெபத்தில் கீர்த்தனை பாடினால் கூடவே வார்த்தை பிசகாமல் பாடுகிறார். ஒருவர் இதை அற்புதத்தின் ஆரம்பம் என்கிறார், இன்னொருவர் ஆவியின் வேலை என்கிறார்.

வருஷா வருஷம் யாராவது ஒரு ஊழியக்காரர் வந்து, இந்த வருஷம் முடிவதற்குள் எழுந்து நடப்பார் என்று சொல்லிவிட்டுப் போவார். அதை நம்பி வண்டியை விற்காமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். பெண் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு அதை விற்கவா வேண்டாமா என்றும் தெரியவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கலாம் என்று என் தம்பி சொன்னான். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, 'கம்பி வைத்தால் அவர் நடக்கமாட்டார் என்று நீயே அறிக்கை செய்த மாதிரி' என்றார்கள். வைக்கவில்லை. போன மாதம் வழுக்கி விழுந்து நெற்றியில் நாலு தையல். பிரஷர் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி, இரண்டு மாதம் நிறுத்தியிருந்தேன். இப்போது மறுபடி கொடுக்கிறேன்.

புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் அச்சடித்துக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது எரேமியா 29:11. இதோடு மூன்றாவது தடவை. வீட்டுக்கு வந்து அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். எனக்கு விசுவாசம் போய்விட்டதா? சில ராத்திரி விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. இனிமேல் எப்படி ஐயா நம்புவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

கம்பியை வையுங்கள். இந்த வாரமே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தது நல்லது. இனி யார் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ஒரு தடவை பக்கவாதம் வந்தவருக்கு இன்னொரு தடவை வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் அதற்குப் போடுகிற முதல் வேலி. நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போனதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும். தீமோத்தேயுவுக்கு வயிறு சரியில்லை என்று பவுலுக்குத் தெரிந்தபோது, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார். அந்தக் காலத்தில் அது மருந்து. உன் விசுவாசத்தில் எங்கே ஓட்டை என்று அவர் விசாரிக்கவில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் யோக்கியன் மாதிரி பேசுவதாக ஆகிவிடும்.

நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 22 வருஷம் ஆயராக இருந்தவன். வார்டு வார்டாகப் போய் ஜெபிப்பதும், ஐசியு வாசலில் காத்துக்கிடப்பவர்களோடு நானும் காத்துக்கிடப்பதும்தான் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு பனையேறும் பையன் வந்தான். பனையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எழும்பிருவானா?" என்று கேட்டாள். "அடுத்த பதனிக் காலத்துக்குள்ள எழும்பிருவாம்மா, விசுவாசியுங்க" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. கர்த்தரும் சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அடுத்த பதனிக் காலம் வந்தது. வெளிநோயாளி வரிசையில் அந்த அம்மாவைத் தூரத்தில் கண்டதும் நான் மருந்தக வழியாகத் திரும்பி நடந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வந்து தேதி சொல்லிவிட்டுப் போனவர்களில் பலபேர் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏமாற்றுகிற எண்ணம் இருந்திருக்காது. உங்கள் சங்கடத்தைப் பார்த்து அவர்களுக்கு வந்த சங்கடத்தைத் தீர்க்க ஒரு தேதி தேவைப்பட்டது. அவர்கள் வண்டி ஏறிப் போனதும் அவர்கள் பாரம் இறங்கிவிட்டது. தேதி மட்டும் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கிழித்துப்போட்ட அட்டையைப் பற்றிப் பேசலாம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் அந்த வசனம் நம் ஊரில் ஒட்டாத இடம் கிடையாது. ஆட்டோவின் பின்னால், காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், எங்கும் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. எரேமியா 29:10. "பாபிலோனில் எழுபதுவருஷம் முடிந்தபின்பு நான் உங்களைச் சந்தித்து" என்று இருக்கிறது அங்கே. எழுபது வருஷம்! இதை அச்சடித்து ஜனவரி ஒன்றாம் தேதி கொடுத்தால் கோயிலில் யார் வாங்குவார்கள்?

அந்த அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனான். ராஜா, ராஜாவின் தாய், அதிகாரிகள், தச்சர், கொல்லர் என்று பெரிய கூட்டம். போன இடத்தில் அவர்கள் மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கோ நாளைக்கோ கூப்பிட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம்தான் 29ஆம் அதிகாரம்.

அதற்கு முந்தின 28ஆம் அதிகாரத்தையும் இன்றைக்கு ராத்திரி வாசித்துவிடுங்கள். சின்ன அதிகாரம்தான். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். தேவாலயத்தில், ஆசாரியர்கள் முன்னால், எல்லா ஜனமும் பார்க்க, "இரண்டு வருஷத்துக்குள்ளே" எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். கர்த்தர் சொல்லுகிறார் என்றே சொல்லுகிறான். அப்போது எரேமியா கழுத்தில் ஒரு மர நுகம் மாட்டியிருக்கிறார், சுமை இன்னும் இறங்கப்போவதில்லை என்பதற்கு அடையாளமாக. அனனியா அதைக் கழற்றி எல்லார் முன்னாலும் உடைத்துப்போடுகிறான். கூட்டம் கை தட்டியிருக்கும் என்று வேதத்தில் இல்லை, ஆனால் தட்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதைக் கேட்ட எரேமியா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவர் முதலில் சொன்ன வார்த்தை "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பது. அவருக்கும் ஆசைதான். நாளைக்கே முடிந்துவிட்டால் அவருக்கு என்ன கசக்கவா செய்யும்? ஆனால் ஆசை வேறு, தேதி வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் பொய்த்தீர்க்கதரிசி என்று வேதம் யாரைச் சொல்லுகிறது பாருங்கள். சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொன்னவனை. நாளாகும் என்று சொன்னவரைத்தான் கர்த்தர் தம் ஆள் என்றார்.

இப்போது கடிதத்துக்கு வாருங்கள். எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு, அதுவரைக்கும் என்ன செய்யச் சொன்னார்? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்கிறார். இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். மூட்டையைப் பிரியுங்கள் என்று அர்த்தம். அவர்கள் பிரித்தும் இருக்கிறார்கள். ஈராக் மண்ணில் கிடைத்த களிமண் பலகைகளில் 'யூதாவின் ஊர்' என்றே பேர் கொண்ட ஒரு கிராமம் வருகிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்குகிற கணக்குகள் அவை. கர்த்தருடைய பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்ட ஆட்கள் அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள், வாற்கோதுமை கடன் வாங்கியிருக்கிறார்கள், பேரீச்சம்பழத்தில் பாக்கி வைத்திருக்கிறார்கள், வரி கட்டியிருக்கிறார்கள். அந்நிய மண்ணில் தோட்டம் போட்டதால் அவர்கள் வாக்குத்தத்தத்தைக் கைவிட்டதாக யாரும் சொல்லவில்லை. தோட்டம் போட்டு, சாப்பிட்டு, பிள்ளை பெற்று உயிரோடு இருந்ததால்தான், கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்துக் கதவைத் திறந்தபோது திரும்பிப்போக ஆட்கள் இருந்தார்கள்.

உங்கள் வீட்டுக் குளியலறைக் கம்பி அந்தத் தோட்டம் மாதிரிதான், சகோதரி. அது அவிசுவாசம் என்றால் எரேமியாவின் கடிதமே அவிசுவாசம்.

சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. எரேமியா மாதிரி ஆமென் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரியே நடக்கட்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, காலையில் கொத்தனாருக்குப் போன் பண்ணுங்கள்.

அட்டையைக் கிழித்ததற்கு வருகிறேன். மோசே கற்பலகையையே போட்டு உடைத்தவர். தேவன் தாமே எழுதிக்கொடுத்த பலகை அது. அப்புறம் தேவன் அவரிடம், முந்தினதைப் போலவே இன்னும் இரண்டு இழைத்துக்கொண்டு வா என்றார். நாற்பது ரூபாய் அட்டைக்கா உங்களைத் தள்ளிவிடப் போகிறார்? நம் சபைகளில் நல்ல பாட்டு நிறைய இருக்கிறது, நல்ல புலம்பல் குறைந்துபோய்விட்டது. சங்கீதக்காரனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று நேருக்கு நேராகவே கேட்கிறான். 88ஆம் சங்கீதம் இதைவிட மோசம். மற்ற புலம்பல்கள் கடைசியிலாவது கொஞ்சம் தெம்பாக முடியும். இது "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்த வரி இல்லை. அதையும் பரிசுத்த வேதாகமம் என்று தோல் அட்டை போட்டுத்தான் வைத்திருக்கிறோம். உங்களுக்கு ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அந்த 88ஐ அப்படியே வாசித்துவிட்டுத் தூங்குங்கள். அன்றைக்கு அது போதும்.

விசுவாசக் குறைச்சல் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி. மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள் அல்லவா, அந்தக் கதையை வைத்தும் உங்களைக் குத்தியிருப்பார்கள். நீ இன்னும் கூரையைப் பிரிக்கவில்லை என்று. அந்த வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. படுத்திருந்தவன் விசுவாசித்தானா என்று ஒரு வார்த்தை இல்லை. தூக்கி வந்தவர்கள் நாலு பேர். கட்டிலுக்கு நாலு மூலை, மூலைக்கு ஒரு ஆள். உங்கள் வீட்டில் ஏழு வருஷமாக நாலு மூலையையும் நீங்கள் ஒருத்தியே தூக்குகிறீர்கள். தூக்க வராதவர்கள் ஓரமாக நின்று, பிடி சரியில்லை என்கிறார்கள்.

பவுல் எத்தனையோ பேரைச் சுகமாக்கினவர்தான். ஆனால் தன் கடைசிக் கடிதத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று போகிற போக்கில் எழுதுகிறார். ஏன் சுகமாகவில்லை, யார் விசுவாசத்தில் குறை, ஒரு விளக்கமும் இல்லை. ஏன் உங்கள் வீட்டுக்காரருக்கு இப்படி என்று நீங்கள் கேட்டால் என்னிடமும் விளக்கம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கட்டில் கட்டிலாகப் போனவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

உங்களுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்துகிறேன். டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துக்காரர், வேலூர் சிஎம்சியில் படித்து அங்கேயே வேலை பார்த்தவர். 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அப்போது அவர் முப்பது வயதைத் தொடாத இளம் டாக்டர். ஜெபிக்கிறவர்கள் நிறைந்த ஆஸ்பத்திரி அது, ஜெபத்துக்குப் பஞ்சமே இருந்திருக்காது. கால் வரவில்லை. தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய ஆபரேஷன் இது, நீங்கள் செய்யலாமே என்றார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆபரேஷன்களைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, வேலூரில் அந்தத் துறையை உருவாக்கினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தது. 1972-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. 1986-இல் இறக்கும்வரை அவர் கால் குணமாகவில்லை.

இதைக் கேட்டு நீங்களும் ஒரு மையம் திறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய ஆட்களின் கதையைச் சொல்லி களைத்துப்போனவர்களை வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. நான் சொல்ல வந்தது வேறு. நம் தமிழ்நாட்டில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் பிடித்து நடக்கிற இணைகம்பி, சாய்தளம், குளியலறைக் கைப்பிடி, இதையெல்லாம் ஒரு துறையாக நடத்திக் காட்டியவர்களில் ஒருவர், நடக்க முடியாமல் போய், நடக்கும் நாளுக்குக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கின ஒரு விசுவாசி. கம்பி வைப்பது அவிசுவாச அறிக்கை என்று அந்த அக்கா மறுபடி சொன்னால், இந்த டாக்டரைப் பற்றிச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், சும்மா சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. பேச்சு வரவில்லை, பாட்டு வருகிறது என்கிறீர்கள். இதில் ஆவிக்கு வேலை இல்லை. அநேகருக்குப் பேச்சை உண்டாக்குகிற இடம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. வலது கைகால் விழுந்தால் அடி இடது பக்கம் என்று அர்த்தம், அதனால்தான் பேச்சும் சேர்ந்து போனது. ராகத்துக்கு மூளையின் வலது பக்கமும் நிறைய வேலை செய்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் தப்பியிருக்கிறது. சின்ன வயசிலிருந்து ஞாயிறுபள்ளியிலும் கோயிலிலும் பாடிப் பாடி ஊறிப்போன கீர்த்தனை, ராகத்தைப் பிடித்துக்கொண்டு வார்த்தையோடு வெளியே வந்துவிடுகிறது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். இந்த ராகத்தையே ஏணியாக வைத்துப் பேச்சு பழக்குகிற முறையும் இருக்கிறது. "தண்ணி வேணும்" என்பதை ஒரு இழுப்பு ராகத்தில், அவருடைய இடது கையில் மெதுவாகத் தாளம் தட்டிக்கொண்டே, கூடச் சேர்ந்து சொல்லவைப்பார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்காது. ஆனால் ஏழு வருஷம் ஆகிவிட்டதே என்று விடவேண்டியதில்லை. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் தேறும் என்பது நிஜம், அதற்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறவர்கள் உண்டு. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பது அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. ஊரில் வருகிற சுகாதார ஊழியரிடம் பேரைக் கொடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. அதையும் 'அறிக்கை'க்குப் பயந்து விட்டிருந்தால், இந்த மாதமே எழுதிப்போடுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. விடியாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுவதாக எழுதியதை நான் இரண்டு தடவை வாசித்தேன். அதைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. எலியா இதே வார்த்தையைச் சொன்னவர். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கர்மேலில் அக்கினி இறக்கின மனுஷன்தான். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டார், மறுபடி படுத்துத் தூங்கினார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொன்னான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று. தூரம் அதிகம் என்றால் முதலில் சோறும் தூக்கமும்தான்.

ராத்திரி எத்தனை தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்திருக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குகிறீர்கள், எனக்குத் தெரியாது. நாலு மணி நேரம் தாண்டாது என்று நினைக்கிறேன். அப்படி ஏழு வருஷம் போனால் யாருக்கும் உலகம் இருட்டாகத்தான் தெரியும். அதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நீங்களே உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு நிஜமாகவே வந்தால், அல்லது அடிக்கடி வந்தால், டெலி மானஸ் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரைக்குச் சொன்னதுதான் இதற்கும்.

சபைக்கு ஒரு வேலை கொடுங்கள். "ஜெபித்துக்கொள்கிறோம்" என்று அடுத்த தடவை யாராவது சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, "வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா, நான் கொஞ்சம் தூங்கணும்" என்று கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேரை, சனிக்கிழமை குளிப்பாட்ட உதவிக்கு வரச் சொல்லி உங்கள் சபைப் போதகரிடம் கேளுங்கள். சிலர் நழுவுவார்கள். கட்டிலுக்கு நாலு பேர்தான் தேவை, சபைக்கு நாலு பேர் கண்டிப்பாகத் தேறுவார்கள். அந்த ஜெபக்குழு அக்காவிடமும் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை அவர் தனியாக உங்கள் வீட்டுக்காரரைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் வந்தால், கம்பியைப் பற்றிய கருத்து தானாக மாறும்.

நம்புவது எப்படி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தேதியை நம்புவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரியும் உங்களுக்குள் உடைந்தது அந்தத் தேதிதான். கர்த்தர் மேல் இருந்த நம்பிக்கை உடைந்திருந்தால், ஏழு வருஷத்துக்கப்புறமும் குடும்ப ஜெபத்தில் கீர்த்தனை பாடுகிற வீடாக உங்கள் வீடு இருக்காது. அட்டையைக் கிழித்த ராத்திரிகூடப் பாடினீர்களா என்று கேட்க ஆசை. பாடியிருப்பீர்கள்.

வண்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏழு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிற வண்டியின் டயரும் பேட்டரியும் எந்த நிலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், பெண் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் பற்றி நீங்கள் எழுதியதும் நினைவிருக்கிறது. ஆனால் விற்கவா வேண்டாமா என்று ஊழியக்காரர் சொன்னார், அக்கா சொன்னார், தம்பி சொன்னான், இப்போது என்னைக் கேட்கிறீர்கள். வண்டி அவருடையது. அவரைக் கேட்டீர்களா?

"ஆமா" என்றுதானே சொல்வார் என்பீர்கள். அதனால் வாயால் கேட்காதீர்கள். பேச்சு போன பலருக்கு நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், பதில்தான் சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து, டிவியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. வேண்டும் என்றால் இடது கைக் கட்டைவிரல் மேலே, வேண்டாம் என்றால் கீழே. முதலில் பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பழக்குங்கள். உங்கள் பேர் இதுவா, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையா என்கிற மாதிரி. பதில் வர அரை நிமிஷம் ஆகலாம். அந்த அரை நிமிஷம் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் கஷ்டம். இரண்டு நாள் கழித்து, அதே கேள்வியை மாற்றிக் கேட்டுச் சரிபாருங்கள். பிறகு வண்டியைப் பற்றிக் கேளுங்கள்.

கம்பியைப் பற்றியும் அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள். அவருக்குப் பலம் இடது கையில், அதனால் எழும்போது கம்பி அவருக்கு இடது பக்கம் வர வேண்டும். துண்டு போடுகிற கம்பி வேண்டாம், அது ஆளோடு சேர்ந்து பெயர்ந்து வரும். கனமான ஸ்டீல் குழாய், டைல்ஸோடு நிற்காமல் சுவருக்குள் இறங்குகிற போல்ட். உயரம் எவ்வளவு என்று கொத்தனார் தன் கணக்குக்கு வைத்துவிடுவார், விடாதீர்கள். முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில் செய்யுங்கள். அவரை உட்காரவைத்து எழுப்பிப் பாருங்கள். எழும்போது அந்த இடது கை சுவரில் தானாக எங்கே போகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.